சக்கையைச் சாற்றோடு சேர்த்தால்

ஆரஞ்சுச் சுளையையும் அதன் சாற்றையும் எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் சர்க்கரையின் அளவில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. 100 கிராம் சுளையில் 9 கிராமை ஒட்டியும், 100 மில்லி சாற்றில் 8 கிராமுக்குச் சற்று மேலாகவும் சர்க்கரை இருக்கிறது. நார்ச்சத்தில்தான் கணக்கு அடியோடு மாறுகிறது: சுளையில் 2.4 கிராமாக இருக்கும் நார், வடிகட்டிய சாற்றில் 0.2 கிராமாகச் சுருங்கி, மற்றதெல்லாம் வடிகட்டியில் தங்கும் சக்கையோடு போய்விடுகிறது. பழமாகத் தின்னும்போது நிதானமாகச் சேரும் சர்க்கரை, சாறாகக் குடிக்கும்போது விரைந்து இறங்குவதற்கு இந்த இழப்புதான் காரணமென்றால், இழந்த நாரைத் திரும்பச் சேர்த்துவிட்டால் சாறு மறுபடியும் பழமாகிவிடுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. உணவியல் ஆய்வாளர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இக்கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடையைப் புரிந்துகொள்ள, நார் எத்தனை கிராம் என்பதைவிட அது எந்த நிலையில் வயிற்றுக்குள் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நார்ச்சத்து என்பது தனியொரு பொருளின் பெயரன்று. உணவை உடைக்கும் மனிதக் குடலின் நொதிகளுக்கு மசியாத தாவரப் பொருள்கள் பலவற்றையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர் அது. பழத்தைப் பொறுத்தவரை அவற்றில் பெரும்பகுதி செல்சுவரிலிருந்து வருகிறது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி நிற்கும் அச்சுவருக்கு உறுதி தருவன செல்லுலோஸ் இழைகள். அந்த இழைகளுக்கிடையிலும், அடுத்தடுத்த செல்களுக்கிடையிலும் பசைபோல் நிறைந்திருப்பது பெக்டின். பழம் கனியக் கனியக் குழைவது பெக்டின் சிதைவதால்தான். கொய்யாவை வேகவைத்து வடித்த நீர் சர்க்கரையோடு சேர்ந்து ஜெல்லியாக உறைவதும் அதே பெக்டினால்தான். தண்ணீரில் கரைந்து கூழாகும் பெக்டின் போன்றவற்றைக் கரையும் நார் என்றும், கரையாமல் தண்ணீரை உறிஞ்சி உப்பும் செல்லுலோஸ் போன்றவற்றைக் கரையா நார் என்றும் பிரிப்பது வழக்கம்.

இப்பிரிவினையோடு இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். பழத்தின் சர்க்கரை முழுவதும் செல்லுக்குள்ளே, சுவருக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பல்லால் மென்றால் எல்லாச் செல்களும் உடைவதில்லை. உடையாத துண்டுகள் இரைப்பைக்குப் போய், அங்கே அரைபட்டுச் சிறிதான பிறகே சிறுகுடலை எட்டுகின்றன. சாறு பிழியும் இயந்திரமோ அச்சுவர்களை முன்கூட்டியே கிழித்து, சர்க்கரையை ஒருபுறமும் சுவர்களை மறுபுறமுமாகப் பிரித்து வைத்துவிடுகிறது. பிரித்த சுவரைப் பொடியாக்கிச் சாற்றில் கலக்கும்போது நாரின் எடை திரும்பி வருகிறது. சர்க்கரையை உள்ளே வைத்துப் பூட்டியிருந்த அமைப்பு திரும்பி வருவதில்லை. இதற்குப் பின் சொல்லப்படும் ஆய்வுகள் அனைத்தும் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் ஏதோ ஒரு வகையில் தொட்டுச் செல்கின்றன.

அவற்றுள் முதலாவதும் இன்றளவும் மிக நேர்த்தியானதும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கென்னத் ஹீட்டனும் அவருடைய குழுவினரும் செய்து, 1977-இல் 'தி லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு. (மலத்தின் வடிவை ஏழு வகையாகப் பிரித்து இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படும் பிரிஸ்டல் அட்டவணையும் பிற்காலத்தில் இதே ஹீட்டனின் கைவண்ணத்தில் உருவானதுதான், நார் உடலில் என்ன செய்கிறது என்பதை அவர் இரு முனையிலிருந்தும் ஆராய்ந்தார் எனலாம்.) நல்ல உடல்நலமுள்ள பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவில், வெவ்வேறு வேளைகளில் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, நாரோடு சேர்த்து அரைத்த கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் செரிக்கக்கூடிய கார்போஹைட்ரேட்டின் அளவு 60 கிராம் என்று சமமாக வைக்கப்பட்டது. அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ ஆப்பிளில் இருக்கும் அளவு. கூழில் நாரின் எடை குறையவில்லை, கட்டமைப்பு மட்டுமே சிதைந்திருந்தது என்பதுதான் இச்சோதனையின் நயம். எடையின் விளைவையும் அமைப்பின் விளைவையும் தனித்தனியே பார்க்க அது வழி செய்தது.

முதலில் தெரிந்தது வேகம். முழு ஆப்பிளைத் தின்பதைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாற்றைக் குடித்துவிட முடிந்தது. கூழோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு வேகம். சாறு சர்க்கரையை ஏற்றுகிறது என்பதில் ஒரு பங்கு, அவசரமாகக் குடிப்பதன் விளைவாகவே இருக்கக்கூடும் என்பதால், மூன்றையும் ஒரே கால அளவில் உட்கொள்ளச் செய்து இரத்தத்தைச் சோதித்தார்கள். அப்போது வந்த முடிவு பலரும் எதிர்பார்க்கக்கூடியதன்று: இரத்தச் சர்க்கரை ஏறிய உச்சம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு உச்சத்துக்குப் பின்னால் வந்தது. சாறு குடித்தவர்களின் இரத்தச் சர்க்கரை ஏறிய கையோடு செங்குத்தாகச் சரிந்தது. கூழுக்குப் பின் அந்தச் சரிவு குறைவாக இருந்தது. முழுப் பழத்துக்குப் பின் அது தென்படவே இல்லை. இன்சுலினின் அளவு இதற்கு விளக்கம் தந்தது. இரத்தத்திலுள்ள குளுக்கோஸைச் செல்களுக்குள் செலுத்தும்படி கணையம் சுரக்கும் இந்த ஹார்மோன், சாற்றுக்கும் கூழுக்கும் பின் முழுப் பழத்துக்குப் பின்னதைவிட அதிகமாகச் சுரந்திருந்தது. உச்சியின் உயரம் ஒன்றாகத் தெரிந்தாலும், அந்த உயரத்தை அடக்கக் கணையம் செய்த வேலை ஒன்றாக இல்லை. வயிறு நிறைந்த உணர்வும் இதே வரிசையில்தான் இருந்தது: முழுப் பழம் அதிகம், கூழ் அதற்கடுத்து, சாறு கடைசி.

இதே குழு 1981-இல் ஆரஞ்சையும் திராட்சையையும் வைத்து ஆய்வைத் திரும்பச் செய்தது. ஆரஞ்சு, ஆப்பிளின் வழியே நடந்தது. திராட்சை நடக்கவில்லை; முழுத் திராட்சைக்குச் சுரந்த இன்சுலின், அதன் சாற்றுக்குச் சுரந்ததைவிட அதிகமாக இருந்தது. 'பழநார்' என்று பொதுவாகப் பேசுபவர்கள் இந்தத் திராட்சையை வசதியாக மறந்துவிடுவதுண்டு.

நார் என்னதான் செய்கிறது என்பதைக் காண, சர்க்கரை செல்லும் வழியைப் பின்தொடர வேண்டும். இரைப்பையில் சர்க்கரை உறிஞ்சப்படுவதில்லை; அது சிறுகுடலுக்குப் போனால்தான் இரத்தத்தில் சேரும். ஆகவே இரைப்பையின் கீழ்வாய் எந்த வேகத்தில் திறந்து விடுகிறது என்பதே முதல் கட்டுப்பாடு. திடமான துண்டுகள் அங்கே மிகச் சிறியவையாக அரைபடும்வரை காத்திருக்க வேண்டும். தெளிந்த நீர்மமோ குடித்த சில நிமிடங்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஆரஞ்சானால், இறங்கிய சர்க்கரையில் ஏறத்தாழ பாதி சுக்ரோஸ். இதைக் குடல் சுவரிலுள்ள நொதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. பின்பு குளுக்கோஸை ஒரு கடத்திப் புரதமும் ஃபிரக்டோஸை வேறொரு கடத்திப் புரதமும் குடல் செல்லுக்குள் இழுத்துக்கொள்கின்றன. அந்தக் கடத்திகளை அடைவதற்கு முன் சர்க்கரை மூலக்கூறு, குடல் சுவரை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும். குடலில் இருக்கும் கலவை தண்ணீராக இருந்தால் இந்தப் பயணம் எளிது. அது கூழாக இருந்தால் கலக்கப்படுவதும் ஊடுருவுவதும் தாமதமாகி, சர்க்கரையின் ஒரு பகுதி குடலில் மேலும் கீழே சென்ற பிறகே உறிஞ்சப்படும். மொத்தத்தில் ஏறக்குறைய அவ்வளவும் இரத்தத்தில் சேரத்தான் செய்கிறது. சேர எடுக்கும் நேரம் நீள்கிறது. அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு. உடல்நலமுள்ள ஒருவரின் ஐந்து லிட்டர் இரத்தத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம்தான். 250 மில்லி ஆரஞ்சுச் சாறு தரும் 21 கிராம் சர்க்கரையில் குளுக்கோஸ் மட்டுமே அதைப் போல் இரு மடங்கு.

இந்தக் கூழ்த்தன்மைதான் மையம் என்பதை 1978-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. கிளைசீமிக் குறியீடு என்ற அளவுகோலை 1981-இல் டொரண்டோவிலிருந்து அறிமுகப்படுத்திய டேவிட் ஜென்கின்ஸ், அதற்கு முன் பிரிட்டனில் பணியாற்றிய காலத்தில் செய்தது அது. (அந்தக் குறியீடு, ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை ஏற்றும் அளவைத் தூய குளுக்கோஸோடு ஒப்பிட்டு எண்ணாகத் தருவது.) 50 கிராம் குளுக்கோஸ் கலந்த பானத்தில் பலவகை நார்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், எந்த நார் பானத்தை அதிகம் கெட்டியாக்கியதோ அதுவே சர்க்கரையின் ஏற்றத்தை அதிகம் தணித்தது. முதலிடம் பெற்றது குவார் பிசின். அதாவது நம் கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கும் பிசின். வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழவென்று திரளுவதும் வேதியியலில் இதன் உறவுப்பொருளே. அதே குவார் பிசினைச் சிறு துண்டுகளாக உடைத்து, கெட்டியாகாத நிலையில் கொடுத்தபோது, அதன் பலன் மறைந்துவிட்டது. வேதிப்பொருள் அதுவேதான், எடையும் குறையவில்லை. போனது பாகுத்தன்மை மட்டும். நாரைப் பற்றிய பேச்சில் இதைவிடத் தெளிவான ஒரு சான்று கிடைப்பது அரிது.

இனிச் சக்கைக்கு வரலாம். ஆரஞ்சுச் சாறு எடுக்கும் ஆலைகளில் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலாகவும் சவ்வாகவும் விதையாகவும் மிஞ்சுகிறது. காலங்காலமாக அதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவும், ஒரு பகுதி பெக்டின் எடுக்கவும் போயிற்று. அதை நன்றாக நொறுக்கி மறுபடியும் சாற்றில் சேர்ப்பது, கழிவுக்கு விலை கிடைக்கும் வழி என்பதால் பான நிறுவனங்களுக்கு இதில் ஆர்வம் வந்ததில் வியப்பில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. இதயநோய்க்கும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கும் சற்றுக் கூடுதல் வாய்ப்புள்ள ஆண்கள், ஒன்றையடுத்து ஒன்றாக இரு வேளை உணவு உண்ட சூழலில், வெறும் சாற்றைக் குடித்தபோது இருந்ததைவிடச் சக்கை சேர்த்த சாற்றைக் குடித்தபோது குளுக்கோஸும் இன்சுலினும் எட்டிய உச்சம் தணிந்திருந்தது. வெறும் வயிற்றில் ஒரு கோப்பைச் சாறு என்ற செயற்கையான சோதனையைவிட, உணவோடு குடிக்கும் இந்த ஏற்பாடு வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பதால் இதன் முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனாலும் சக்கையில் இருக்கும் பெக்டினின் ஒரு பகுதியே தண்ணீரில் கரைந்து கூழாகிறது. மற்றது செல்சுவரோடு பின்னிப் பிணைந்து, துகள்களாகவே மிதக்கிறது. எவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டது, சூடாக்கப்பட்டதா, அமிலத்தில் ஊறியதா என்பதைப் பொறுத்து இந்தப் பங்கு மாறும். தவிர, சக்கை என்பது நார் மட்டுமன்று. ஆரஞ்சின் வெண்ணிற உள்தோலில் ஹெஸ்பெரிடின் என்ற பாலிஃபீனால் செறிந்திருக்கிறது. பாலிஃபீனால்கள் என்பன தாவரங்கள் தற்காப்புக்கும் நிறத்துக்குமாக உண்டாக்கும் ஒரு பெருங்குடும்பத்துச் சேர்மங்கள். அவற்றுள் சில, குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதையே தடுக்கும் ஆற்றல் கொண்டவை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆப்பிளில் இருக்கும் ஃப்ளோரிட்ஸின். 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இச்சேர்மம், குளுக்கோஸைக் கடத்தும் புரதங்களைக் குடலிலும் சிறுநீரகத்திலும் அடைத்துவிடுகிறது. இன்று நீரிழிவு நோயாளிகள் பலர் விழுங்கும் டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரைகள் இந்த மூலக்கூற்றை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டவைதான். பழத்தில் இருக்கும் அளவு மருந்தாகும் அளவன்று என்றாலும், சக்கை சேர்த்த சாற்றில் கிடைக்கும் பலன் முழுவதையும் நாரின் கணக்கிலேயே எழுதுவது பிழையாகிவிடும்.

மிக்ஸியில் அடித்த பழக்கூழ் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. அரைத்தால் செல்சுவர் கிழிந்து நாரின் பயன் கெட்டுவிடும் என்பது பிரிஸ்டல் ஆய்வை மேலோட்டமாகப் படித்தவர்களின் முடிவு. ஆனால் 2022-இல் அமெரிக்காவின் ஹை பாயிண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளையும் பிளாக்பெர்ரியையும் முழுதாகவும் அரைத்தும் இளைஞர்களுக்குக் கொடுத்தபோது, அரைத்த பழம்தான் இரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றியது. மெல்லும்போது உடையாமல் வெளியேறிவிடும் சிறு விதைகள் கூர்மையான கத்தியில் பொடியாகி, அவற்றின் நாரும் எண்ணெயும் பாலிஃபீனாலும் கலவையில் சேர்ந்துவிடுவதே காரணமாகலாம் என்பது அவர்களுடைய ஊகம். விதையில்லாத பழத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. வடிகட்டியது, அரைத்தது என்ற இரண்டையும் 'ஜூஸ்' என்ற ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டாலும், உடலின் பார்வையில் அவை வெவ்வேறு உணவுகள் என்பது மட்டும் இதிலிருந்து உறுதியாகிறது.

இரத்தச் சர்க்கரை என்ற அளவுகோலுக்கே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி குளுக்கோஸை மட்டுமே காண்கிறது. பழச்சர்க்கரையில் ஏறத்தாழ பாதியாக, ஆப்பிளிலோ பாதிக்கும் மேலாக இருக்கும் ஃபிரக்டோஸை அது காண்பதில்லை. குடலிலிருந்து உறிஞ்சப்பட்ட ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்வதால், அது பொது இரத்த ஓட்டத்துக்கு அதிகம் வருவதில்லை. ஆரஞ்சுச் சாற்றின் கிளைசீமிக் குறியீடு 50-ஐ ஒட்டியே இருப்பதற்கும், ஆப்பிள் சாற்றினுடையது அதைவிடக் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். எனவே நார் சேர்த்த சாறு குளுக்கோஸின் உச்சத்தைத் தணித்தது என்று ஓர் ஆய்வு சொன்னால், கல்லீரலுக்குப் போன மற்றப் பாதியைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுப் பழத்தின் சர்க்கரையை விட்டுவிட்டுச் சாற்றின் சர்க்கரையைத் தேன், சர்க்கரைப்பாகு ஆகியவற்றின் வரிசையில் 'கட்டற்ற சர்க்கரை'யாகக் கணக்கிட்டு, அன்றாட ஆற்றலில் அதன் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. 2000 கிலோகலோரி உண்பவருக்கு இது 50 கிராம். சாத்துக்குடியைப் பிழிந்து வடிகட்டிய பின், போதாதென்று இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டுத் தரும் நம்மூர் ஜூஸ் கடையின் ஒரு கோப்பை, அதில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் தீர்த்துவிடும்.

எவ்வளவு நார் சேர்த்தால் பலன் கிடைக்கும் என்பதுதான் நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் கிடைத்த சான்றுகளைப் பரிசீலித்து, உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதைப் பெக்டின் குறைக்கிறது என்று விளம்பரப்படுத்த ஒரு வேளைக்கு 10 கிராம் பெக்டின் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஓர் ஆரஞ்சில் இருக்கும் எல்லா வகை நாரும் சேர்ந்தே 3 கிராம்தான். அதிலும் பெக்டின் ஒரு பங்கு மட்டுமே. 10 கிராம் பெக்டினை ஒரு கோப்பைச் சாற்றில் கரைத்தால் அதைக் குடிக்க முடியாது, கரண்டியால் வழித்துத்தான் உண்ண வேண்டும். இந்தச் சிக்கலிலிருந்து பான நிறுவனங்கள் தப்பிக்கும் வழி, கெட்டியாகாத நாரைத் தேர்ந்தெடுப்பது. சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் போன்றவை சாற்றில் தெளிவாகக் கரைந்து, நாக்குக்குத் தெரியாமலே தொண்டையில் இறங்குகின்றன. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகி அங்கே நன்மை செய்யவும் கூடும். சாற்றிலிருந்து சர்க்கரையின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவற்றை வைத்தால், சர்க்கரை குறைந்ததாலேயே இரத்தச் சர்க்கரையும் குறைவாக ஏறும். சர்க்கரையைத் தொடாமல் அவற்றை மேலதிகமாகச் சேர்க்கும்போதோ, குழாயில் ஓடும் நீர்போல அவை சர்க்கரையோடு சேர்ந்தே இரைப்பையை விட்டு இறங்கிவிடுகின்றன. 1978-இல் உடைத்த குவார் பிசினுக்கு நேர்ந்த கதி இவற்றுக்கும் நேர்கிறது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சேர்க்கப்படும் நார் ஒன்று உடலுக்கு ஏதேனும் ஒரு நன்மை செய்வதாகச் சான்று இருந்தால்தான் அதை மேலுறையில் 'நார்ச்சத்து' என்று குறிப்பிடலாம் என்று 2016-இல் விதித்தது. பெக்டினும் குவார் பிசினும் அப்படி ஏற்கப்பட்ட நார்களின் முதற்பட்டியலிலேயே இடம்பெற்றன; இனுலினும் தாவரச் செல்சுவர் நார்க் கலவையும் 2018-இல் அதில் சேர்ந்தன. அந்த 'ஏதேனும் ஒரு நன்மை' ஒன்றுக்கு மலச்சிக்கல் தீர்வதாக இருக்கலாம், மற்றொன்றுக்குக் கொழுப்பு குறைவதாக, இன்னொன்றுக்குக் கால்சியம் உறிஞ்சப்படுவதாக இருக்கலாம். மேலுறையின் அட்டவணையில் அவை அனைத்துக்கும் ஒரே வரிதான். அந்த வரியில் 5 கிராம் என்று அச்சிட்ட இரண்டு புட்டிகளில் எது குடலில் கூழாகும், எது தண்ணீராகவே ஓடிவிடும் என்பதை அறிய, கீழே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைத்தான் படித்துப் பார்க்க வேண்டும்.